நீல நிறமிதான் கொல்கிறதா? நோய்க்கிருமி நிறமிகளின் எதிர்ப்புத் திறனைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் புராஜெக்ட் பட்டியல்களில் அடிக்கடி தென்படும் ஒரு தலைப்பு உண்டு: சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவிலிருந்து பையோசயனின் என்ற நீல நிறமியைப் பிரித்தெடுத்து, அது மற்ற கிருமிகளைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. தலைப்பு நல்லதுதான். கிருமி சுலபமாக வளரும், செலவு கட்டுக்குள் இருக்கும், நிறம் கண்ணுக்கே தெரியும். ஆனால் பல புராஜெக்டுகளில் கடைசியில் மிஞ்சுவது ஒரு ப்ளேட்டும் அதில் ஒரு வட்டமும்தான். அந்த ஸோன் (கிருமி வளராத வட்டம்) நிறமியால் வந்ததா, குளோரோஃபார்மால் வந்ததா, அமிலத்தால் வந்ததா என்று வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டால் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஸோன் வரவைப்பது எளிது. அது நிறமியின் வேலைதான் என்று நிரூபிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. பையோசயனினை முன்னால் வைத்துச் சொல்கிறேன். புரோடிஜியோசின், வயோலசீன் போன்ற மற்ற நிறமிகளில் என்ன மாறும் என்பது பிற்பகுதியில் வரும்.

கொஞ்சம் பழைய கதை

1860-இல் ஃபோர்டோஸ் என்ற ஃபிரெஞ்சு வேதியியலாளர், காயக் கட்டுத்துணிகளில் படிந்த நீலச் சீழிலிருந்து குளோரோஃபார்மைக் கொண்டு நிறமியைப் பிரித்தெடுத்தார். அதை உண்டாக்கும் கிருமியை ஜெஸ்ஸார் தனியாக வளர்த்துக் காட்டியது 1882-இல். 1899-இல் ஜெர்மனியில் எம்மெரிச், லோவ் இருவரும் இந்தக் கிருமியின் பழைய கல்ச்சரை வடிகட்டிச் செறிவாக்கி 'பையோசயனேஸ்' என்ற பெயரில் ஒரு மருந்தாகவே கொண்டுவந்தார்கள். டிப்தீரியா நோயாளிகளிடம்கூட அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் முன்பு!

அது நிலைக்கவில்லை. தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறியது, நச்சுத்தன்மையும் இருந்தது. அந்தப் புட்டிக்குள் எந்தப் பொருள் எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. கல்ச்சர் வடிநீரை நேராகக் குழியில் ஊற்றி ஸோன் அளக்கும் புராஜெக்ட், இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

காரணம் எளிது. சூடோமோனாஸ் ஏருஜினோசா தன்னைச் சுற்றி விடுவது ஒரு நிறமி மட்டுமல்ல. ஹைட்ரஜன் சயனைடு விடும். தன் இனத்தின் மற்ற வகைகளைக் கொல்லும் பையோசின்களை விடும். ராம்னோலிப்பிட் என்ற சோப்புத்தன்மையுள்ள பொருளை விடும். சுவாசச் சங்கிலியை முடக்கும் குயினோலின் வகைச் சேர்மங்களை விடும். ஸ்டெஃபைலோகாக்கஸின் செல்சுவரையே வெட்டும் லாஸ்-ஏ என்ற நொதியையும் விடும். வடிநீரை ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் லானில் (ப்ளேட் முழுக்கப் பரப்பிய கிருமிப் படலத்தில்) வைத்தால் ஸோன் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படி 1: கிருமி

முதல்முறை செய்பவர்கள் அடையாளம் உறுதியான ஸ்ட்ரெயினுடன் தொடங்குவது நல்லது. சண்டிகரில் உள்ள எம்டிசிசி கல்ச்சர் சேகரிப்பிலிருந்து வாங்கலாம். நோயாளி மாதிரியிலிருந்து வந்த ஐசோலேட்தான் (தனியே பிரித்த கிருமி) வேண்டுமென்றால், மாதிரி எடுப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு வாங்கும் அனுமதிக்கு மதிப்பில்லை.

ஐசோலேட் என்றால் செட்ரிமைடு அகாரில் வளர்ச்சி, ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ், 42 டிகிரி செல்சியஸில் வளர்ச்சி ஆகிய மூன்றையும் பாருங்கள். திராட்சை வாசனையும் அடையாளம்தான், ஆனால் அதற்காக ப்ளேட்டைத் திறந்து மோந்து பார்க்க வேண்டாம். இது பாதுகாப்பு நிலை 2-இல் வைக்க வேண்டிய கிருமி. உடல்நலம் உள்ளவரைப் பெரும்பாலும் தொடாது. தீக்காயம், நீண்டகால நுரையீரல் நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்களுக்கு ஆபத்தானது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணைத் தொடும் பழக்கத்தை லேப் வாசலிலேயே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் கருவிழியை வேகமாக அரிக்கும் கிருமிகளில் இது முன்னணியில் உள்ளது.

எல்லா ஐசோலேட்டும் நீலம் தராது. சில பையோவெர்டினை மட்டும் தரும். அது மஞ்சள் கலந்த பச்சை, புற ஊதா விளக்கில் ஒளிரும். சிலவற்றில் சிவப்பு அல்லது பழுப்பு நிறமியும் வரும். நீலம் நன்றாகத் தரும் ஐசோலேட் கிடைத்த அன்றே, 20 சதவீத கிளிசராலில் சில குப்பிகள் போட்டு மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப சப்கல்ச்சர் செய்துகொண்டே போனால் நிறம் மங்கிவிடும். நிறமே தராத ஐசோலேட் ஒன்று கிடைத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: மீடியா

நியூட்ரியண்ட் ப்ராத்திலும் நீலம் வரும், ஆனால் போதுமான அளவு வராது. கிங்ஸ் ஏ மீடியாவை இதற்கென்றே 1954-இல் கிங்கும் அவர் குழுவினரும் வகுத்தார்கள். ஒரு லிட்டருக்கு பெப்டோன் 20 கிராம், கிளிசரால் 10 மில்லி, பொட்டாசியம் சல்ஃபேட் 10 கிராம், மெக்னீசியம் குளோரைடு 1.4 கிராம், பிஎச் 7.2.

மெக்னீசியம் குளோரைடில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1.4 கிராம் என்பது நீரற்ற உப்பின் கணக்கு. கல்லூரி அலமாரியில் இருப்பது அநேகமாக ஆறு நீர் மூலக்கூறு சேர்ந்த ஹெக்ஸாஹைட்ரேட். அதில் சுமார் 3 கிராம் எடுக்க வேண்டும். லேபிளைப் பார்க்காமல் எடை போட்டால் மெக்னீசியம் பாதிக்கும் குறைவாகப் போய்விடும்.

பாஸ்பேட் அதிகமானால் பையோசயனின் உற்பத்தி அடங்கிவிடும், ஆகவே பஃபரை உங்கள் இஷ்டத்துக்குச் சேர்க்காதீர்கள். கிங்ஸ் பி மீடியாவில் பாஸ்பேட் உண்டு. அது பையோவெர்டினுக்கான மீடியா. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு 'நிறம் வரவில்லை' என்று வருந்துபவர்கள் நிறையப் பேர்.

500 மில்லி ஃபிளாஸ்கில் 100 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். காற்று வேண்டும். 37 டிகிரியில், ஷேக்கரில், 48 முதல் 72 மணி நேரம். முதல் நாள் மாலை ஒன்றுமே தெரியாது. இந்த நிறமி வளர்ச்சி முடியும் தறுவாயில்தான் உருவாகும். கூட்டம் போதிய அடர்த்திக்கு வந்துவிட்டது என்று கிருமிகள் தமக்குள் சிக்னல் பரிமாறிக்கொண்ட பிறகே அதற்கான ஜீன்கள் முழுமூச்சாக வேலை செய்கின்றன.

மூன்றாம் நாள் ஃபிளாஸ்கை ஷேக்கரிலிருந்து எடுத்து மேசையில் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து நீலம் வடிந்து மஞ்சளாகும். மேல்மட்டத்தில், காற்று படும் இடத்தில் மட்டும் நீலம் ஒரு விளிம்பாக நிற்கும். ஃபிளாஸ்கைச் சுழற்றினால் முழுவதும் மறுபடி நீலமாகிவிடும். இந்த நிறமி கிருமியைக் கொல்லும் விதம் இதிலேயே தெரிந்துவிடுகிறது. செல்லிலிருந்து எலக்ட்ரானை வாங்கினால் நிறமற்றதாகும். அந்த எலக்ட்ரானை ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிட்டால் மீண்டும் நீலம். எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட ஆக்ஸிஜன் சூப்பர்ஆக்ஸைடாகவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் மாறி செல்லைத் தாக்கும். இந்தக் காட்சியை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் கைகொடுக்கும்.

படி 3: பிரித்தெடுத்தல்

இந்தப் படிக்கு அவசரம் ஆகாது. குளோரோஃபார்ம் வேலை முழுவதும் ஃப்யூம் ஹுட்டுக்குள்தான். லேமினார் ஃப்ளோ அதற்கு மாற்று அல்ல. அது ஆவியை உங்கள் முகத்தை நோக்கித் தள்ளும்.

கல்ச்சரைக் குளிர் சென்ட்ரிஃபியூஜில் 10,000 ஜி விசையில் 15 நிமிடம் சுற்றி, மேல்நீரை எடுத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துங்கள். இங்கே சிறிது மேல்நீரைத் தனியாக எடுத்து 'சுத்திகரிக்காத வடிநீர்' என்று லேபிள் ஒட்டி வையுங்கள்.

மேல்நீர் இரண்டு பங்குக்கு குளோரோஃபார்ம் ஒரு பங்கு. கண்ணாடி செபரேட்டிங் ஃபனலில் போட்டு, அவ்வப்போது குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிக்கொண்டே குலுக்குங்கள். பிளாஸ்டிக் என்றால் பாலிபுரோப்பிலீன் மட்டும். பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் குழாய்களை குளோரோஃபார்ம் கரைத்துவிடும், கரைந்த பிளாஸ்டிக் உங்கள் நிறமியோடு சேர்ந்துவிடும். குளோரோஃபார்ம் நீரைவிடக் கனம் என்பதால் கீழே தங்கும். பையோசயனின் அதற்குள் இறங்கி, அடியடுக்கு சொட்டு நீலம் கரைத்த தண்ணீர் போல ஆகும். மேலடுக்கில் தங்கும் பச்சை மஞ்சள்தான் பையோவெர்டின், அது குளோரோஃபார்முக்குள் வராது. இரண்டு நிறமிகளும் பிரிவது இந்த ஒரே குலுக்கலில்.

நீல அடுக்கைத் தனியாக எடுத்து, அதன் பத்தில் ஒரு பங்கு 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் குலுக்குங்கள். இப்போது நிறமி மேலே உள்ள அமில நீருக்குத் தாவி சிவப்பாகும். இதன் பிகேஏ மதிப்பு (நிறம் மாறும் பிஎச் எல்லை) ஏறக்குறைய 4.9. அதற்குக் கீழே சிவப்பு, மேலே நீலம். சிவப்பு அடுக்கை எடுத்து, சோடியம் ஹைட்ராக்ஸைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் திரும்பும்வரை கொண்டுவந்து, மறுபடி புதிய குளோரோஃபார்மில் இறக்குங்கள். காரத்தை அளவுமீறி விட்டால் நிறமி சிதையும்.

நீலம், சிவப்பு, மறுபடி நீலம் என்ற இந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். 'ஒரு முறை போதாதா?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போதாது. அமிலத்துக்குள் தாவும் குணம் பையோசயனினுக்கு உண்டு. முன்னே சொன்ன குயினோலின் சேர்மங்களும் வேறு ஃபீனசீன்களும் (பையோசயனின் சேர்ந்த வேதிக் குடும்பம்) பெரும்பாலும் குளோரோஃபார்மிலேயே தங்கிவிடும். ஆக, இந்தச் சுற்றுகள்தான் உண்மையான சுத்திகரிப்பு. இதைத் தவிர்த்துவிட்டு முதல் நீல அடுக்கை அப்படியே உலர்த்தினால், கையில் இருப்பது நிறம் சேர்ந்த கலவை.

கடைசி குளோரோஃபார்ம் அடுக்கை ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். கருநீலப் படிவு கிடைக்கும். அதை எடை போட்டு, பழுப்பு நிறக் குப்பியில் மைனஸ் 20-இல் இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் இது மெதுவாக வேறு ஃபீனசீனாகச் சிதையும். மேசையில் மூன்று நாள் கிடந்த புட்டியை வைத்துச் செய்த சோதனையை நம்ப முடியாது.

இதே நேரத்தில், கிருமி போடாத வெறும் கிங்ஸ் ஏ மீடியாவையும் இதே சுற்றுகளுக்கு உட்படுத்தி, இதே போல உலர்த்தி வையுங்கள். நிறமில்லாத ஐசோலேட் இருந்தால் அதன் வடிநீரையும் அப்படியே செய்யுங்கள். மொத்த புராஜெக்டின் நம்பகத்தன்மை இந்த இரண்டு நிறமற்ற குப்பிகளில் இருக்கிறது.

படி 4: எவ்வளவு இருக்கிறது?

பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வாய்ப்பாடு இருக்கும்: 520 நானோமீட்டரில் கிடைத்த ஓடி (ஒளி உறிஞ்சல்) மதிப்பை 17.072-ஆல் பெருக்கினால், ஒரு மில்லி கல்ச்சரில் உள்ள பையோசயனின் மைக்ரோகிராமில் கிடைக்கும். எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது?

அமிலத்தில் பையோசயனினின் மோலார் உறிஞ்சுதிறன் 520-இல் சுமார் 2,460. மூலக்கூறு எடை 210. வகுத்துப் பார்த்தால், ஓடி 1 என்பது அமிலக் கரைசலில் மில்லிக்குச் சுமார் 85 மைக்ரோகிராம். அந்த முறையில் 5 மில்லி கல்ச்சரை 3 மில்லி குளோரோஃபார்மில் இறக்கி, பிறகு 1 மில்லி அமிலத்தில் எடுக்கிறார்கள். அதாவது ஐந்து மடங்கு செறிவு. 85-ஐ 5-ஆல் வகுத்தால் 17 வந்துவிடும். ஆகவே 17.072 என்ற எண்ணுக்குள்ளேயே 5-க்கு 1 என்ற கொள்ளளவுக் கணக்கு அடங்கியிருக்கிறது.

நீங்கள் 100 மில்லி கல்ச்சரை 10 மில்லி அமிலத்தில் எடுத்துவிட்டு 17.072-ஆல் பெருக்கினால் விடை இரண்டு மடங்காக வரும். உற்பத்தியை அளக்க வேண்டும் என்றால் சரியாக 5, 3, 1 மில்லி எடுத்து ஒரு சிறிய அளவீடு தனியே செய்யுங்கள். ஓடி 0.5 வந்தால் மில்லிக்கு 8.5 மைக்ரோகிராம், அதாவது லிட்டருக்கு 8.5 மில்லிகிராம்.

இதை வைத்து முன்கூட்டியே திட்டமிடலாம். ஒரு குழிக்கு 25, 50, 100 மைக்ரோகிராம் என மூன்று அளவுகள், மூன்று சோதனைக் கிருமிகள், ஒவ்வொன்றும் மூன்று முறை என்றால் மொத்தம் சுமார் 1.6 மில்லிகிராம். எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) சோதனைக்கு இன்னும் வேண்டும். சுத்திகரிப்பில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் சேர்த்து, ஒரு லிட்டர் கல்ச்சருடன் தொடங்குங்கள். 100 மில்லியில் ஆரம்பித்துப் பாதி வழியில் நிறமி தீர்ந்துபோனால், இரண்டாவது தயாரிப்பை முதலாவதோடு கலக்க வேண்டிய நிலை வரும். அது வேண்டாத தலைவலி.

தூய்மைக்கு, சிலிக்கா தகட்டில் டிஎல்சி (மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி) ஓட்டி ஒரே நீலப் புள்ளி வருகிறதா என்று பாருங்கள். புற ஊதா விளக்கிலும் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத துணைப் புள்ளிகள் அங்கே தெரியும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் முழு ஸ்கேனும் எடுங்கள். அமிலத்தில் 520 பக்கமும், நடுநிலை நீரில் 690 பக்கமும் அகன்ற மேடு தெரிய வேண்டும்.

படி 5: ப்ளேட்டில் சோதனை

முல்லர்-ஹிண்டன் அகார், 4 மில்லிமீட்டர் ஆழம். 90 மில்லிமீட்டர் ப்ளேட்டுக்கு சுமார் 25 மில்லி. ஆழம் கூடினால் ஸோன் சுருங்கும், குறைந்தால் விரியும். சோதனைக் கிருமியின் இளம் கல்ச்சரை மெக்ஃபார்லண்ட் (கிருமி அடர்த்தியை ஒப்பிடும் அளவுகோல்) 0.5 கலங்கலுக்குக் கொண்டுவந்து, 15 நிமிடத்துக்குள் ஸ்வாபால் மூன்று திசையில் லான் போடுங்கள்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் சப்டிலிஸ், ஈ. கோலை, கேண்டிடா அல்பிகன்ஸ் என்று நான்கு வைத்தால் படம் முழுமையாகும். பொதுவாக கிராம் பாசிட்டிவ் கிருமிகள் (இந்தப் பட்டியலில் முதல் இரண்டு) அதிகம் பாதிக்கப்படும், ஈ. கோலை தாக்குப்பிடிக்கும். சூடோமோனாஸையே இன்னொரு ப்ளேட்டில் வைத்தும் பாருங்கள். தன் நிறமியால் அது சாவதில்லை. நிறமியை வெளியே தள்ளும் பம்ப்புகளும், பெராக்ஸைடைச் சிதைக்கும் கேட்டலேஸும், சூப்பர்ஆக்ஸைடைச் சமாளிக்கும் நொதியும் அதனிடம் உண்டு. இந்த ப்ளேட் உங்கள் நிறமிக்கு ஒரு குறுக்குச் சோதனை. சூடோமோனாஸிலும் பெரிய ஸோன் வந்தால் குப்பியில் குளோரோஃபார்மோ அமிலமோ மிச்சம் இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

6 மில்லிமீட்டர் குழிகள். நிறமியை முதலில் சிறிது டைமெத்தில் சல்ஃபாக்ஸைடில் கரைத்துப் பிறகு நீர்க்கச் செய்யுங்கள். ஒவ்வொரு ப்ளேட்டிலும் அதே அளவு வெறும் கரைப்பான் ஒரு குழியில், வெறும் மீடியாவின் சாறு இன்னொன்றில், தெரிந்த ஆன்டிபயாடிக் டிஸ்க் ஒன்று. சுத்திகரிக்காத வடிநீரையும் ஒரு குழியில் வைத்தால், கலவையும் தூய நிறமியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரியும். அந்த வேறுபாடுதான் பல நேரம் உங்கள் புராஜெக்டின் சுவையான பகுதி.

'100 மைக்ரோலிட்டர் வைத்தோம்' என்று எழுதினால் பொருளில்லை. எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுங்கள். குழிகளை நிரப்பியபின் அறை வெப்பத்தில் அரை மணி ஊறவிட்டு, பிறகு 35 டிகிரியில் 18 மணி நேரம்.

மறுநாள் ஸோனைக் கிட்டத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ப்ளேட்டில், தெளிந்த வட்டத்துக்குள் ஊசிமுனை அளவில் நிறம் வெளுத்த சில காலனிகள் இருக்கலாம். அவற்றைக் கலப்படம் என்று எழுதிவிட வேண்டாம். பையோசயனின் போன்ற சுவாசச் சங்கிலித் தடைகளுக்கு முன்னால் இந்தக் கிருமி 'சிறு காலனி வகை' என்ற மந்த வடிவத்துக்குப் போய்ப் பிழைப்பது அறியப்பட்ட ஒன்று. அவற்றைத் தனியே எடுத்து ஸ்ட்ரீக் செய்து 48 மணி நேரம் வையுங்கள்.

படி 6: எம்ஐசி, அதில் உள்ள கண்ணி

96 குழித் தகட்டில் இரட்டிப்பு நீர்த்தல், இறுதியில் மில்லிக்கு 5 லட்சம் செல்கள், 18 முதல் 20 மணி நேரம். முறை எல்லோருக்கும் தெரிந்ததே. படிப்பதில்தான் கண்ணி. வழக்கமாக ரெசாசுரின் சாயத்தை விட்டு, நீலம் இளஞ்சிவப்பானால் உயிர் இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். பையோசயனின் தானே நீலம், தானே எலக்ட்ரானைக் கைமாற்றும் பொருள். சாயத்தோடு அது நேரடியாக விளையாடினால் நிற மாற்றத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். எம்டிடி சாயத்துக்கும் இதே பிரச்சினை.

கலங்கலை 600 நானோமீட்டரில் அளந்தாலும் நிறமியின் சொந்த உறிஞ்சல் குறுக்கே வரும். ஒவ்வொரு செறிவுக்கும் 'நிறமி உண்டு, கிருமி இல்லை' என்ற குழி ஒன்று வைத்துக் கழியுங்கள். அதைவிட நம்பகமானது பழைய வழி: ஒவ்வொரு குழியிலிருந்தும் எடுத்து நீர்த்து ப்ளேட்டில் போட்டுக் காலனி எண்ணுவது. கை வலிக்கும், ஆனால் தடுத்ததா கொன்றதா என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் கிடைக்கும். தொடக்க எண்ணிக்கையில் 99.9 சதவீதம் குறைந்தால்தான் 'கொன்றது' என்று எழுதலாம்.

படி 7: ஆக்ஸிஜனை எடுத்துவிட்டுப் பார்த்தல்

ஒரு சோதனைதான் கூடுதலாகச் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஈ. கோலையில் பையோசயனினின் பாதிப்பு ஆக்ஸிஜன் வழியாகவே வருகிறது என்று ஹசன், ஃப்ரிடோவிச் இருவரும் 1980-இல் காட்டினார்கள். அப்படியானால், அதே ப்ளேட்டின் ஒரு நகலை அனேரோபிக் ஜாரில் வைத்தால் ஸோன் சுருங்க வேண்டும். சுருங்கினால் ஸோன் நிறமியின் வேலை என்பதற்கு வலுவான சான்று. சுருங்கவே இல்லை என்றால் உங்கள் சாறில் வேறு ஏதோ இருக்கிறது. ப்ராத்தில் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துப் பாதிப்பு குறைகிறதா என்று பார்ப்பது இதே கேள்வியின் இன்னொரு வடிவம்.

ஜாருக்குள் ஜென்டாமைசின் டிஸ்க்கைக் கட்டுப்பாடாக வைக்காதீர்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் அந்த மருந்து செல்லுக்குள் சரியாக நுழையாது, அதன் ஸோனும் சேர்ந்து சுருங்கி உங்களைக் குழப்பிவிடும். குளோராம்ஃபெனிகால் டிஸ்க் வையுங்கள்.

வேறு நிறமி என்றால்

செராஷியா மார்செசென்ஸின் சிவப்பு நிறமி புரோடிஜியோசின். 37 டிகிரியில் வைத்தால் நிறமே வராது, 28 டிகிரி வேண்டும். மருத்துவமனை ஐசோலேட்டுகளில் பெரும்பாலானவை நிறமற்றவை, எனவே மண்ணிலோ நீரிலோ தேடுவது பலன் தரும். உற்பத்திக்கு நம்மூர் வழி ஒன்று இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகக் குழு 2004-இல், மீடியாவில் நிலக்கடலைப் பொடியும் எள்ளுப் பொடியும் சேர்த்து நிறமி பன்மடங்கு கூடுவதைக் காட்டியது. பிரித்தெடுக்க அமிலம் சேர்த்த மெத்தனால், அளக்க 535 நானோமீட்டர். கடலை எண்ணெயும் சாறோடு வரும் என்பதால், கிருமி போடாத கடலை மீடியாவின் சாறு இங்கே கட்டாயக் கட்டுப்பாடு.

குரோமோபாக்டீரியம் வயோலேசியத்தின் ஊதா நிறமி வயோலசீன். எத்தனாலில் கரையும், நீரில் கரையாது. கிராம் பாசிட்டிவ் கிருமிகளின் செல் சவ்வைத் தாக்கும். வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் வாழும் இந்தக் கிருமி மனிதரை அரிதாகவே தொற்றும். தொற்றினால் செப்சிஸ் வரை போகும், அலட்சியம் வேண்டாம்.

இந்த இரண்டும் எண்ணெய்த்தன்மை உள்ளவை, அகாருக்குள் நன்றாகப் பரவாது. வீரியம் இருந்தும் ஸோன் சிறிதாகவே வரலாம். ஆகவே 'பையோசயனின் 18 மில்லிமீட்டர், புரோடிஜியோசின் 11 மில்லிமீட்டர், எனவே முதலாவது சிறந்தது' என்று ஸோனை வைத்து ஒப்பிடுவது தவறு. இவற்றை ப்ராத்தில், எம்ஐசி மூலம் மட்டும் ஒப்பிடுங்கள்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் பொன்னிற நிறமியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்டெஃபைலோசாந்தின் ஒரு கரோட்டினாய்டு. வெள்ளையணுக்கள் வீசும் ஆக்ஸிஜனேற்ற நச்சுகளிலிருந்து அந்தக் கிருமியைக் காப்பதே அதன் முதன்மையான வேலை. அதை எதிர்ப்பு மருந்தாகச் சோதிப்பதைவிட, அதன் உற்பத்தியைத் தடுத்தால் கிருமி பலவீனமாகிறதா என்று பார்ப்பது எனக்கு அதிக அர்த்தமுள்ளதாகப் படுகிறது.

கழிவு

கல்ச்சர், ப்ளேட், ஸ்வாப் எல்லாவற்றையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே மஞ்சள் பையில் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதும் அதுதான். குளோரோஃபார்ம் கலந்த எதையும் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, சிங்கிலும் ஊற்றக் கூடாது. தனிப் புட்டியில் சேர்த்து ஹாலோஜன் கரைப்பான் கழிவு என்று எழுதி ஒப்படையுங்கள். அந்தப் புட்டியில் அசிட்டோனைக் கொட்டிவிட வேண்டாம். காரம் சேர்ந்துவிட்டால் குளோரோஃபார்மும் அசிட்டோனும் வெடிக்கும் அளவுக்கு வினைபுரியும்.

எழுதும்போது

முடிவுரையில் 'இந்த நிறமி வருங்காலத்தில் ஆன்டிபயாடிக்காகப் பயன்படும்' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம். பையோசயனின் நம் செல்களையும் விட்டுவைப்பதில்லை. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களின் அசைவை அது மந்தமாக்கும், வெள்ளையணுக்களை முன்கூட்டியே சாகவைக்கும். நுரையீரல் தொற்றில் இந்தக் கிருமி காலூன்ற உதவும் ஆயுதங்களில் ஒன்று இந்த நிறமியேதான். மருந்து என்ற பேச்சை எடுப்பதற்குமுன், எம்ஐசி அளவிலேயே மனித செல்களுக்கு என்ன ஆகிறது என்ற எண் வேண்டும். கல்லூரியில் செல் கல்ச்சர் வசதி இல்லையென்றால், அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

இப்படி எழுதலாம்: 'மூன்று முறை அமிலச் சுத்திகரிப்பு செய்த பையோசயனின், குழிக்கு 50 மைக்ரோகிராம் அளவில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸைத் தடுத்தது. கரைப்பானும் மீடியா சாறும் தடுக்கவில்லை. ஆக்ஸிஜன் இல்லாத சூழலில் ஸோன் குறைந்தது.' அளவும் முடிவும் உங்கள் ப்ளேட்டில் வந்தபடி மாறும். ஸோனே வராத கிருமிகளின் பெயரையும் அட்டவணையில் விடாமல் சேருங்கள், குழியின் 6 மில்லிமீட்டரையும் சேர்த்து அளந்தீர்களா என்பதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.